பி.காம் வகுப்பில் ஒரு தையல் மிஷின்

உக்காருங்க, நல்லா சாஞ்சே உக்காருங்க. பஸ் திருநெல்வேலி போய்ச் சேர ஒண்ணரை மணி நேரம் ஆகும். என்ன சொன்னீங்க, மகளை பி.காம் சேத்திருக்கீங்களா? நல்ல காரியம். எந்தக் காலேஜ்னு சொல்ல வேண்டாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க, அங்க நோட்ஸ் குடுக்காங்களா? தெரியாதா? போய் மொதல்ல அதை விசாரிங்க. நோட்ஸ் இல்லைன்னா இப்பவே டி.சி. வாங்கிருங்க.

நான் சும்மா சொல்லல. காமர்ஸ் டிபார்ட்மெண்ட் தலைவர் நான். ஆவுடையப்பன்னு பேரு. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். வேலைக்குச் சேந்த வருஷம் எழுதின நோட்ஸை இன்னைக்கும் வச்சிருக்கேன். ஒரு கமா மாறல. ஏன் மாறணும்? டெபிட் மாறிருச்சா, கிரெடிட் மாறிருச்சா? நான் வாசிப்பேன், பிள்ளைங்க எழுதும், மணி அடிக்கும். இதுக்கு மேல கல்வியில என்ன சார் இருக்கு? நூத்துக்கு முப்பத்தி நாலு பேர் பாஸாவாங்க. குறைச்சல்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க. எல்லாரும் பாஸாயிட்டா அப்புறம் அந்தப் பாடத்துக்கு என்ன மரியாதை? நீங்களே சொல்லுங்க.

இப்படி நிம்மதியா ஓடிக்கிட்டிருந்த டிபார்ட்மெண்ட்ல, ரெண்டு வருஷம் முன்னால ஜூன் மாசம், ஜெஸிந்தான்னு ஒரு பொண்ணு வந்து சேந்தா. தூத்துக்குடிக்காரி. முப்பது வயசுகூட இருக்காது. ஒரு வருஷ ஒப்பந்தத்துல எடுத்திருந்தாங்க. படிப்பெல்லாம் பெருசாத்தான் படிச்சிருந்தா. நான் பெரிய மனசு பண்ணி, என் நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்துக் கையில குடுத்தேன். "ரொம்ப நன்றி சார், வாசிச்சுப் பாக்கேன்"ன்னா. வாசிச்சுப் பாக்கவா குடுத்தேன்? வாசிக்கத்தானே சார் குடுத்தேன், வகுப்புல!

மொத வாரமே ஆரம்பிச்சுட்டா. பி.காம் ரெண்டாம் வருஷம், நாப்பத்தாறு பிள்ளைங்க. பெஞ்சையெல்லாம் சுவத்தோரம் தள்ளியாச்சு. பாதிப் பிள்ளைங்களை இந்தப் பக்கம் நிக்க வச்சா, பாதியை அந்தப் பக்கம். ஒருத்தன் பால்காரனாம், ஒருத்தி டீக்கடையாம், ஒருத்தன் பேங்காம். வாங்குறதும் குடுக்கிறதுமா ஒரே ஓட்டம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எவன் புக்குல எந்தப் பக்கம் எழுதணும்னு அவங்களே சண்டை போட்டு முடிவு பண்ணணுமாம். நான் ஜன்னல் வழியா பாத்தேன். பள்ளிக்கூடத்து விளையாட்டு விழா மாதிரி இருந்துச்சு. கடைசியில பேங்கா நின்ன பையன் சொல்றான், "மிஸ், நம்ம போட்ட பணம் நமக்குச் சொத்து, பேங்குக்குக் கடன். அதான் பாஸ்புக்குல தலைகீழா இருக்கு!" இந்த ஒரு விஷயத்தை நான் எப்பவும் வருஷக் கடைசியிலதான் சொல்லித் தருவேன். அவன் மொத வாரத்துலயே தெரிஞ்சுக்கிட்டான். வரிசைமுறைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?

பிரின்சிபல்கிட்ட போனேன். அவர் என்னடான்னா ஒரு பாரத்தை எடுத்து நீட்டுறாரு. மார்ச் மாசம் தர மதிப்பீட்டுக் குழு வருது. அந்தப் பாரத்துல 'புதுமையான கற்பித்தல் முறைகள்'னு ஒரு கட்டம். அதுல போன தடவை 'இல்லை'ன்னு எழுதிக் குடுத்து மார்க் போயிருச்சாம். "ஆவுடையப்பன் சார், சீனியர் நீங்க. புதுமைக் கற்பித்தல் குழுன்னு ஒண்ணு போடறோம், நீங்கதான் தலைவர்"ன்னாரு.

தலைவர்னு ஆயாச்சு, புதுமை பண்ணாம இருக்க முடியுமா? பண்ணினேன். என் நோட்ஸ் மொத்தத்தையும் கம்ப்யூட்டர் சென்டர்ல குடுத்து ஸ்லைடாப் போட்டேன். நூத்திப் பன்னெண்டு ஸ்லைடு. லைட்டை அணைச்சு, ஜன்னலைச் சாத்தி, திரையில ஓட விட்டு, நானும் கூடவே வாசிச்சேன். அப்படி ஒரு அமைதி சார் வகுப்புல. என் சர்வீஸ்ல அப்படி ஒரு அமைதியைப் பாத்ததில்ல. லைட்டைப் போட்டப்ப சில பிள்ளைங்க கண்ணைக் கசக்குச்சு. ஸ்க்ரீன் வெளிச்சம் கொஞ்சம் ஜாஸ்தி.

இந்தப் பொண்ணு அதோட நிறுத்துனாளா? ஆகஸ்ட்ல அடுத்த கூத்து. பிள்ளைங்களை அஞ்சஞ்சு பேரா பிரிச்சு, "ஊருக்குள்ள போங்க, ஒரு சின்னத் தொழில் பண்றவங்களைப் பிடிங்க, மூணு மாசம் அவங்களுக்கு உக்காந்து கணக்கு எழுதிக் குடுங்க, அதுதான் உங்களுக்கு இன்டர்னல் மார்க்"ன்னுட்டா. ஒரு கூட்டம் சலூனுக்குப் போச்சு, ஒரு கூட்டம் சைக்கிள் கடைக்கு, ஒண்ணு இட்லி மாவு விக்கிற அம்மாகிட்ட. கோயில் வாசல்ல பூ கட்டுற அம்மாவைக்கூட விடல. காலேஜ் பிள்ளைங்க பூக்கடையில உக்காந்து லெட்ஜர் போடுது! பெத்தவங்க என்ன நினைப்பாங்க? ஒருத்தர்கூட வந்து கேக்கல, அது வேற விஷயம்.

இப்ப என் வீட்டு விஷயம் கொஞ்சம் சொல்லணும். என் வீட்டுக்காரி பிரமசக்தி. பத்தாவதுதான் படிச்சிருக்கா. பின்கட்டு ரூம்ல நாலு தையல் மிஷின் போட்டு, மூணு பொம்பளைங்களை வச்சுக்கிட்டு நைட்டி தைக்கா. நம்ம ஊர்லதான் தெருவுக்குத் தெரு நைட்டியாச்சே. பதினோரு வருஷமா அந்த மிஷின் கடகடன்னு ஓடுது. நான் ஒண்ணும் சொல்றதில்ல. பொழுது போகணும்ல பாவம். நான் அதுல தலையிடறதே கிடையாது. என்ன வருது, என்ன போகுதுன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. அந்த விஷயத்துல நான் பெருந்தன்மையான ஆளு.

நவம்பர்ல விளக்கக் கூட்டம். பிள்ளைங்க தாங்க எழுதின கணக்கை எல்லார் முன்னாலயும் வாசிக்கணும், தொழில் பண்றவங்களும் வந்து உக்காரணும். எட்டாம் நம்பர் அறை. பிரின்சிபல் வந்திருக்காரு, காலேஜ் செக்ரட்டரி வந்திருக்காரு. குழுத் தலைவர்ங்கிற முறையில நான் முன் வரிசையில உக்காந்திருக்கேன். சலூன்காரர் வந்தாச்சு, பூக்கார அம்மா வந்தாச்சு. ரெண்டு பையன்க ஒரு தையல் மிஷினைத் தூக்கிட்டு உள்ள வாரான்க. சரி, எவனோ டெய்லர்னு நினைக்கேன். பின்னாலயே பட்டுச் சேலை கட்டிக்கிட்டு வாரா என் வீட்டுக்காரி பிரமு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? மூணு மாசமா அஞ்சு பிள்ளைங்க தினம் சாயங்காலம் என் வீட்டுப் பின்கட்டுக்கு வந்து போயிருக்கு. நான் அந்நேரம் முன் ரூம்ல பேப்பர் வாசிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். அப்புறம் கேட்டேன், "எங்கிட்ட ஏன் சொல்லல?" அவ சொல்றா, "நீங்க கேக்கலையே."

அந்த அஞ்சு பேருக்குத் தலைவி முப்பிடாதின்னு ஒரு பொண்ணு. எங்களுக்கு அடுத்த தெரு. அவ அப்பா லோடுமேன். என் வகுப்புல வாயே திறக்காது அந்தப் பிள்ளை. அன்னைக்கு மைக்கைப் பிடிச்சு, "மொதல்ல அத்தை இந்த மிஷினை எப்பிடி ஓட்டுறாங்கன்னு பாருங்க, அப்புறம் கணக்கைப் பாப்போம்"ன்னா. பிரமு உக்காந்து, செக்ரட்டரி முன்னால, ஒரு நைட்டிக்குக் கை வச்சுத் தச்சுக் காமிச்சா. கடிகாரத்தை வச்சு நேரம் பாத்தாங்க. கைதட்டல் வேற.

அப்புறம் கணக்கு. துணி, நூல், கரண்டு, கூலி எல்லாம் வாசிச்சு முடிச்சுட்டு, "அடுத்தது எடுப்புகள்"ன்னா. எடுப்புன்னா தெரியும்ல, முதலாளி தன் சொந்தச் செலவுக்குத் தொழில்ல இருந்து எடுக்கிறது. அதை அந்தப் பிள்ளை ஒண்ணொண்ணா வாசிக்குது. "மகன் இன்ஜினியரிங் காலேஜ் ஃபீஸ். வீட்டு மளிகை. பைக் மாசத் தவணை. கணவருக்கு தீபாவளிக்கு ரெண்டு சட்டை. கணவருக்கு அறுபது பக்கத்துக்கு லேமினேஷன்." அது என் நோட்ஸ் சார். ஓரம் கிழியுதுன்னு லேமினேஷன் பண்ணச் சொல்லியிருந்தேன்.

பிரின்சிபல் என் சட்டையப் பாக்காரு. நான் கூரையப் பாக்கேன். மகன் ஃபீஸை நான்தான் கட்டுறேன்னு ஸ்டாஃப் ரூம்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தேன். கட்டுறது நான்தானே? பேங்குக்குப் போய் வரிசையில நின்னது யாரு? பணம் எங்க இருந்து வந்துச்சுங்கிறது ரெண்டாவது விஷயம்.

சும்மா இருக்க முடியுமா? எந்திரிச்சேன். "தேய்மானம்னு எழுதியிருக்கியே, தேய்மானம்னா என்ன, சொல்லு"ன்னேன்.

அந்தப் பிள்ளை கொஞ்சம்கூட யோசிக்கல. "சார், இந்த மிஷின் இன்னும் நாலு வருஷம்தான் ஓடும். அதுக்குள்ள மாசாமாசம் முந்நூறு ரூபா இதுக்குன்னு கணக்குல ஒதுக்கலைன்னா, லாபம்னு நினைச்சு அத்தை அதையும் செலவழிச்சுருவாங்க. அன்னைக்குப் புது மிஷின் வாங்கக் கையில ஒண்ணும் இருக்காது."

"தப்பு"ன்னேன். "'நிலைச்சொத்தின் மதிப்பில் பயன்பாட்டினாலும் காலக்கழிவினாலும் ஏற்படும் படிப்படியான, நிரந்தரமான குறைவு.' அப்படிச் சொல்லணும். இதுக்கு அரை மார்க்கூட வராது."

பூக்கார அம்மா பக்கத்துல இருந்த சலூன்காரர்கிட்ட கேக்கா, "அந்தப் பிள்ளை சொன்னது வெளங்குச்சு. இவரு என்ன சொல்லுதாரு?" அறியாமை சார். அவங்களுக்கு நோட்ஸ் கிடைக்கல.

அதோட விட்டுதா அந்தப் பிள்ளை? "கடைசியா ஒண்ணு. அத்தை தினம் ஒம்பது மணி நேரம் வேலை பாக்காங்க. அவங்க கூலி கணக்குலயே இல்ல"ன்னா. இங்க நான் பிடிச்சேன். "முதலாளிக்குச் சம்பளம் கிடையாது. தனியாள் தொழில்ல அதைச் செலவா எழுதக் கூடாது. அடிப்படையே தெரியல"ன்னேன். ஜெஸிந்தா எந்திரிச்சு, "சார் சொல்றது ரொம்ப சரி"ன்னா. பாத்தீங்களா? அவ வாயாலயே. "அதனாலதான் அதை லாப நட்டக் கணக்குல சேக்கல, கீழ தனிக் குறிப்பாப் போட்டிருக்கோம். விலை வைக்கிறதுக்கு மட்டும்."

அந்தக் குறிப்பை முப்பிடாதி வாசிச்சுது. மத்த மூணு பேருக்குக் குடுக்கிற அதே கூலியைப் பிரமு தனக்கும் போட்டுப் பாத்தா, ஒரு நைட்டிக்குப் பன்னெண்டு ரூபா நட்டம். பதினோரு வருஷமா வியாபாரி சொன்ன விலைக்குக் குடுத்துக்கிட்டு வந்திருக்கா.

பிரமு மிஷின் முன்னால உக்காந்தபடியே அந்தத் தாளைக் கையில வாங்கிப் பாத்தா. அப்புறம் மெதுவாத்தான் சொன்னா, ஆனா மைக் பக்கத்துல இருந்துச்சு. "நான் இருபத்தாறு வருஷமா ஒரு அக்கவுண்ட்ஸ் புரொபசர் வீட்லதான் இருக்கேன். எங்கிட்ட யாருமே இதைச் சொல்லலையே."

சிரிச்சாங்க சார். செக்ரட்டரியே சிரிச்சாரு. பிரமு சிரிக்கல. அதை நான் கவனிச்சேன்.

மறுவாரம் நைட்டிக்குப் பதினைஞ்சு ரூபா ஏத்திட்டா. வியாபாரி வந்து எங்கிட்ட முறையிட்டாரு, "சாரு, நீங்க சொல்லக் கூடாதா?" நான் சொன்னா கேக்கவா போறா. நாலு நாள் முறைச்சுக்கிட்டுப் போனவர் அஞ்சாம் நாள் வந்து சரக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு. அடுத்தது எனக்கு வந்துச்சு. காலைல தோசையை வச்சுட்டு, "இனிமே பைக் தவணையும் சட்டையும் உங்க சம்பளத்துல பாத்துக்கோங்க. தொழில் வேற, முதலாளி வேறயாம். அப்ப முதலாளி புருஷன் இன்னும் தள்ளில்ல?"ன்னா. இந்தத் தத்துவத்தை நான் எத்தனை வருஷமா வகுப்புல வாசிச்சிருக்கேன்! ஒருத்தன் இப்படி வில்லங்கமாப் புரிஞ்சுக்கிட்டதில்ல.

டிசம்பர்ல செக்ரட்டரிக்கு ஒரு மொட்டைப் பெட்டிஷன் போச்சு. ஜெஸிந்தா மேல. யாரு போட்டாங்கன்னு தெரியல. நல்ல தமிழ்ல, எட்டு பாயிண்டு, ஒவ்வொண்ணுக்கும் தலைப்புக் குடுத்து, அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாங்கன்னு கேள்வி. விஷயம் தெரிஞ்ச ஆள்தான். மாணவிகளைக் கடைத்தெருவுக்கு அனுப்புகிறார், பாடத்திட்டத்தை முடிக்கவில்லை, மூத்த பேராசிரியர்களின் குடும்ப விஷயங்களை அரங்கேற்றுகிறார், இப்படி. செக்ரட்டரி கூப்பிட்டு விசாரிச்சாரு. அந்தப் பொண்ணு அழுதான்னு ஆபீஸ் பியூன் சொன்னான். அழுதா நான் என்ன செய்ய முடியும்?

மார்ச்சுல மதிப்பீட்டுக் குழு வந்துச்சு. என் நூத்திப் பன்னெண்டு ஸ்லைடையும் போட்டுக் காமிச்சேன். ஒம்பதாவது ஸ்லைடுலயே "போதும், போதும்"னுட்டாங்க, அவ்வளவு திருப்தி. அப்புறம் பிள்ளைங்க எழுதின லெட்ஜர், பூக்கடை போட்டோ, தையல் மிஷின் போட்டோ எல்லாம் இருந்த ஃபைலை எடுத்தாங்க. ஒரு மணி நேரம் புரட்டினாங்க. "இதை வடிவமைச்சது யாரு?"ன்னு ஒரு மெம்பர் கேட்டாரு. ஜெஸிந்தா அன்னைக்குப் பரிட்சை ஹால்ல மேற்பார்வை டியூட்டி. டியூட்டி போட்டது நான்தான், யாராவது ஒருத்தருக்குப் போட்டாகணும்ல. "டிபார்ட்மெண்ட்"னு சொன்னேன். பொய் இல்லையே? டிபார்ட்மெண்ட்ல நானும் இருக்கேன்ல.

ஏப்ரல்ல ஆண்டு விழா. 'புதுமை ஆசிரியர்' விருது. ஷீல்டு, சால்வை, போட்டோ. எனக்குத்தான், வேற யாருக்கு? அதே வாரம் ஜெஸிந்தாவோட ஒப்பந்தம் முடிஞ்சுது, நீட்டிக்கல. ஃபைல் கையில வந்தப்புறம் ஆள் எதுக்குன்னு நிர்வாகம் நினைச்சிருக்கும். நிர்வாகம்னா அப்படித்தான் யோசிக்கணும்.

கடைசி நாள் மத்தியானம் என் ரூமுக்கு வந்தா. கையில நாலா மடிச்ச தாள். மேசை மேல வச்சா. "சார், இது உங்களோடது. உங்க வீட்ல அக்கா துவைக்கப் போட்ட சட்டையில இருந்துச்சுன்னு போன வாரம் எங்கிட்டக் குடுத்தாங்க."

சரி, நான்தான் எழுதினேன். நீங்க கேக்கல, நானும் சொல்லல. அது அடிச்சுத் திருத்தின மொத பிரதி, என் கையெழுத்து. தாளை மடக்கிச் சட்டைப் பையில வச்சதை மறந்துட்டு, டிசம்பர்ல இருந்து தேடாத இடமில்ல.

அவ நினைச்சிருந்தா அந்தத் தாளோட நேரே செக்ரட்டரி ரூமுக்குப் போயிருக்கலாம். போகல. பயம்தான், வேறென்ன? நின்னபடியே சொல்றா, "ரெண்டாவது பாயிண்டு சரிதான் சார். அஞ்சாவது யூனிட்டை நான் அவசரமா முடிச்சுட்டேன். அடுத்து எங்க போனாலும் அதைச் சரி பண்ணிக்கிறேன்." வணக்கம் சொல்லிட்டுப் போயிட்டா. பாத்தீங்களா சார், அவளே ஒத்துக்கிட்டா! நான் எட்டு பாயிண்டு எழுதினேன், ஒண்ணு சரிதானே?

ஜூன்ல ரிசல்ட். ஜெஸிந்தா எடுத்த பேப்பர்ல நூத்துக்கு எழுவத்தொம்பது பேர் பாஸ். கேள்வித்தாள் ஈஸி. கூடவே என் ஸ்லைடு. முப்பிடாதி யுனிவர்சிட்டியில மூணாவது இடம். எனக்கு ஸ்வீட் கொண்டு வந்து குடுக்கல. பின்கட்டு வழியா வந்து பிரமுவுக்குக் குடுத்துட்டுப் போச்சு.

பிரமு அந்தத் தாளைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல சார். திட்டியிருந்தா பதில் சொல்லியிருப்பேன், எட்டு பாயிண்டா. சோறு வைக்கா, குழம்பு ஊத்துறா, "இன்னும் கொஞ்சம் வைக்கவா?"ன்னு கேக்கா. அவ்வளவுதான். மிஷினையெல்லாம் பின்கட்டுல இருந்து எடுத்துட்டா. சந்தைப் பக்கம் ஒரு மாடி பிடிச்சிருக்கா. இப்ப எட்டு மிஷின். எனக்கு எப்படித் தெரியும்? சலூன்காரர் சொன்னாரு. வீட்ல இப்ப ஒரு சத்தம் கிடையாது. நிம்மதியா பேப்பர் வாசிக்கலாம். ஆனா என்னமோ தெரியல, ஒரே பக்கத்தையே ரெண்டு மூணு தடவை வாசிக்க வேண்டியிருக்கு.

அந்த மாடியில சாயங்காலம் ஜெஸிந்தா வகுப்பு எடுக்கான்னும் சலூன்காரர்தான் சொன்னாரு. தொழில் பண்ற பொம்பளைங்களுக்குக் கணக்கு. பகல்ல திருநெல்வேலியில ஒரு கம்பெனியில வேலை பாத்துட்டு, வாரத்துக்கு மூணு நாள் வந்து போறாளாம். பிரமுதான் ஏற்பாடு. நான் ஒரு நாள் போய்ப் பாத்தேன். சும்மா, குறை ஏதாவது இருந்தா எடுத்துச் சொல்லலாம்னுதான். வாசல்ல முப்பது ஜோடி செருப்பு. உள்ள பாய் விரிச்சு உக்காந்திருக்காங்க. என் வீட்டுக்காரி போர்டுகிட்ட நின்னு யாருக்கோ விளக்கம் சொல்லிக்கிட்டிருக்கா. என்னமோ தப்பாச் சொல்லி, அவளே கண்டுபிடிச்சு, நெத்தியில அடிச்சுக்கிட்டுச் சிரிக்கா. அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல சார்.

கதவோரம் இருந்த ஒரு அம்மா என்னப் பாத்துட்டு, நகர்ந்து பாயில இடம் விட்டா. "வாங்க அண்ணாச்சி, ஆம்பளைங்களும் வரலாம், உக்காருங்க. நீங்க என்ன கடை வச்சிருக்கீங்க?"

"கடை எதுவும் இல்ல"ன்னேன்.

"அப்ப என்ன தொழில்?"

புரொபசர்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள பிரமு திரும்பிப் பாத்தா. கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. யாரு வந்திருக்காங்கன்னு பாக்கிற மாதிரி பாத்துட்டு மறுபடியும் போர்டு பக்கம் திரும்பிட்டா. செருப்பை மாட்டிக்கிட்டு இறங்கி வந்துட்டேன். அந்த முப்பது ஜோடியில என்னோடதைத் தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆச்சு.

சரி விடுங்க, மானூர் தாண்டியாச்சு. நானா? திருநெல்வேலியில ஒரு காலேஜ்ல இன்னைக்குச் சிறப்புரை. 'கணக்குப்பதிவியலில் புதுமைக் கற்பித்தல்: ஓர் அனுபவப் பகிர்வு.' விருது வாங்கினதுல இருந்து இப்படித்தான், கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. ரெண்டு மணி நேரம் பேசணும். கடைசியில கால் மணி நேரம் பிள்ளைங்க கேள்வி கேக்கட்டுமான்னு கேட்டாங்க. அதெல்லாம் வேண்டாம்னுட்டேன்.